ஒருவரை வெல்லவே சமைத்த சீட்டுக்கட்டு

சீட்டாட்டம் என்றவுடன் 52 சீட்டுகளே பலர்க்கும் நினைவிற்கு வரும். ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது அதுவன்று. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்னும் கணித அறிஞர் இயற்றி, 1993-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது ‘மேஜிக்: த கேதரிங்’ என்னும் ஆட்டம். இதில் ஒவ்வொருவரும் தாம் வாங்கியும் மாற்றியும் சேர்த்த சீட்டுகளினின்று, குறைந்தது 60 கொண்ட கட்டொன்றைத் தாமே அமைத்துக் களம் புகுவர். அடிப்படை நிலச்சீட்டுகள் ஒழிய, ஒரே பெயருள்ள சீட்டு நான்கிற்கு மேற்படலாகாது. பலரும் கையாளும் வலிய கட்டொன்றை முறியடித்தற்கென்றே ஒரு கட்டைச் சமைத்தல் பயன் தருமோ என்பதே வினா.

விடுதி நண்பர் எண்மர் கூடி நடத்திய பந்தயமொன்றிற்கு யான் அவ்வாறே ஒரு கட்டைச் சமைத்தேன். கறுப்புக் கட்டினரை எதிர்நோக்கிச் சென்றேன். கறுப்பைக் கொணர்ந்தவர் ஒருவரே. மாலைக்குள் மூன்று முறை தோற்றேன்.

பின்னர்க் கணக்கிட்டேன். எதிர்க்கட்டு, தான் குறிவைத்த கட்டினோடு நூற்றுக்கு 70 ஆட்டங்களிலும், ஏனையவற்றோடு 40 ஆட்டங்களிலும் வெல்வதாகக் கொள்வோம். களத்தில் நூற்றுக்கு 40 பேர் அவ்வலிய கட்டை ஏந்தின், நம் வெற்றி 52. 25 பேரே ஏந்தின், 47½. மூன்றில் ஒரு பங்கினர் ஏந்தினாலன்றி முயற்சி நட்டமே. அன்றியும், நாம் வெல்ல வெல்ல, அக்கட்டை ஏந்துவோர் அதனைக் கைவிடுவர். மற்றொரு தடையும் உண்டு: நான்கு பிரதிகள் வைத்தும், முதற்கண் கையில் வரும் ஏழு சீட்டுகளுள் அவற்றில் ஒன்றேனும் இருத்தற்கு வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 40 தான். அருச்சுனனுக்கெனக் கர்ணன் காத்த வேல் கடோற்கசன்மேற் செலவானதும் இங்கு நினைவிற்கு வருகின்றது.

ஆயினும் 1996-ஆம் ஆண்டை மறத்தலாகாது. உயிர்ப்புள்ளிகளை ஈந்து சீட்டுகளைப் பெறும் ‘நெக்ரோபொட்டென்ஸ்’ என்னும் கறுப்புச் சீட்டு அவ்வாண்டிற் களங்களை ஆண்டது. சியாட்டிலில் நிகழ்ந்த உலகப் போட்டியின் இறுதியில் அக்கட்டை ஏந்திய மார்க் ஜஸ்டிஸை வென்றவர், வெண்கட்டேந்திய ஆஸ்திரேலியர் டாம் சான்பெங். அவர்தம் ‘ஒயிட் நைட்’ முதலிய வீரரைக் கறுப்பு மந்திரம் குறிவைத்தல் இயலாது. கறுப்புப் படைஞர் தடுத்தலும் இயலாது. அவர் தந்த பட்டியலில் நீலச் சக்தி தரும் நிலங்கள் தவறுதலாய் விடுபட்டமையின், நீலச் சீட்டொன்று பயனற்றே கிடந்ததாம், அங்ஙனமாகியும் வென்றார். காரணம் வெளிப்படை. அவ்வீரர் குறைந்த விலையில் விரைந்து தாக்குவோர். எதிரி எந்நிறத்தவராயினும் போர் புரிய வல்லவர். கறுப்பினின்று பெறும் காப்பு அவர்க்கு மேலதிக நன்மையே. என் கட்டிலோ கறுப்பு இல்லாவிடத்து ஒன்றும் செய்யாச் சீட்டுகள் பதினொன்று இருந்தன.

அத்தகையவற்றிற்கு வேறிடம் உண்டு. மூன்றில் இரண்டு வெல்லும் போட்டிகளில், கட்டிற்குப் புறம்பே 15 சீட்டுகள் வைத்துக்கொண்டு, முதலாட்டம் முடிந்தபின், எதிரியின் கட்டினை அறிந்து, அவற்றை மாற்றிப் புகுத்தலாம். அப்பதினொன்றையும் யான் அங்கே அனுப்பிவிட்டேன். எஞ்சிய நான்கிடத்திற்கு எவற்றை வைப்பதென்று இன்னும் நண்பரோடு வாதிட்டுக்கொண்டிருக்கிறேன்.