ஹெலிகாப்டர் சாலைக்கு வராது

லண்டன் மாரத்தான் ஏப்ரலில் நடக்கிறது. அதற்குச் சில மாதங்கள் முன்பே, அங்கே வாழும் உறவுக்காரப் பிள்ளைகளிடமிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓர் இணைப்பு வந்து விழும்: "குழந்தைகளோட அவசர சிகிச்சைக்கு நிதி திரட்ட ஓடுறேன் சித்தப்பா, முடிஞ்சதைக் கொடுங்க." சிலர் கொடுக்கிறார்கள், சிலர் கடந்து போகிறார்கள். இரு தரப்பாரும் இந்த ஓட்டத்தைப் பற்றியும் அந்தப் பணத்தைப் பற்றியும் நம்புவதில் பாதி சரியில்லை. உயிரோடு தொடர்புடைய விஷயம் என்பதால் அதைத் தெளிவாகப் பேசிவிட விரும்புகிறேன்.

"அங்கே வைத்தியம் இலவசம்தானே, நாம் எதற்குக் கொடுக்க வேண்டும்?"

பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். நோயாளியிடம் சிகிச்சைக்குப் பணம் கேட்பதில்லை. அது உண்மை. ஆனால் இங்கிலாந்தில் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ்களைப் பெரும்பாலும் தொண்டு நிறுவனங்களே நடத்துகின்றன. 1987இல் கார்ன்வாலில் முதல் சேவை தொடங்கிய நாளிலிருந்தே பொதுமக்களின் நன்கொடைக்கு அதில் பெரும்பங்கு உண்டு. குழந்தைகளுக்கென்றே இயங்கும் 'சில்ட்ரன்ஸ் ஏர் ஆம்புலன்ஸ்' சேவையில் ஹெலிகாப்டரும் விமானியும் எரிபொருளும் தொண்டு நிறுவனத்தின் பொறுப்பு. உள்ளே குழந்தையின் பக்கத்தில் இருக்கும் மருத்துவரும் செவிலியரும் என்.எச்.எஸ். ஊழியர்கள். நன்கொடை நின்றால் அந்த மருத்துவருக்கு வேலை போகாது. வானில் போகும் வழிதான் அடைபடும்.

"விபத்து நடந்த இடத்தில் இறங்கிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்கும்"

நிதி கொடுப்பவர்களில் பலர் மனதில் ஓடுவது இந்தக் காட்சிதான். சாலை விபத்துக்கு வரும் ஹெலிகாப்டர்கள் வேறு. லண்டனுக்கு அப்படி ஒன்று 1989 முதல் இருக்கிறது. சில்ட்ரன்ஸ் ஏர் ஆம்புலன்ஸின் வேலை ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொரு மருத்துவமனைக்குக் குழந்தையைக் கொண்டு சேர்ப்பது.

மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த குழந்தையை ஏன் மறுபடி நகர்த்த வேண்டும்? உயிருக்குப் போராடும் நிலைக்குப் போகும் குழந்தைகள், நல்லவேளையாக, எண்ணிக்கையில் குறைவு. ஊருக்கு ஊர் ஒரு குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு வைத்தால், எந்த ஊர் மருத்துவருக்கும் போதிய அனுபவம் கிடைக்காது. அதனால் 1990களின் பிற்பகுதியிலிருந்து பிரிட்டன் இந்தப் பிரிவுகளைச் சில பெரிய மருத்துவமனைகளில் குவித்தது. குவித்ததால் அங்கே திறமை கூடியது, குழந்தைக்கும் அந்தப் படுக்கைக்கும் இடையிலான தூரமும் கூடியது. அந்தத் தூரத்தைக் கடக்கவே தனிக் குழுக்கள் உருவாயின. லண்டனின் வடபகுதிக்கும் அதையொட்டிய மாவட்டங்களுக்கும் 'கேட்ஸ்', யார்க்‌ஷயருக்கு 'எம்ப்ரேஸ்', பர்மிங்ஹாம் பக்கம் 'கிட்ஸ்' என்று பகுதிக்கொரு குழு இருக்கிறது.

உலகப் புகழ் பெற்ற கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். 1852இல் தொடங்கிய அந்த மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவு கிடையாது. காய்ச்சலில் வலிப்பு வந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேரே அதன் வாசலுக்கு ஓட முடியாது. பிற மருத்துவமனைகள் பார்த்து, பரிந்துரைத்து அனுப்பும் குழந்தைகளுக்கானது அது.

இங்கே இன்னொரு தப்பெண்ணமும் உண்டு: வேகம்தான் எல்லாம் என்பது. உள்ளூர் மருத்துவர் தொலைபேசியில் அழைத்ததும் தீவிர சிகிச்சை நிபுணர் மறுமுனையில் யோசனை சொல்லத் தொடங்குவார். குழு அங்கே போய்ச் சேர்ந்ததும் உடனே கிளம்பிவிடாது. மூச்சுக்குழாயைச் சரியாகப் பொருத்தி, வென்டிலேட்டரை ஒழுங்குபடுத்தி, ரத்த அழுத்தத்தை நிலைப்படுத்தி, மருந்து செலுத்தும் பம்ப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிய பிறகே நகரும். அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். தீவிர சிகிச்சை குழந்தை இருக்கும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது என்பது எல்லாப் பெற்றோருக்கும் தெரிய வேண்டியது. பெரும்பாலான பயணங்கள் சாலை ஆம்புலன்ஸில்தான். தூரம் அதிகமானபோது ஹெலிகாப்டர். மூடுபனி இறங்கினால் அதுவும் இல்லை.

கூடப் போகும் தாய் தகப்பன் ஊரை விட்டு நூறு மைல் தள்ளி வந்து, மாற்றுத் துணிகூட இல்லாமல் நிற்பார்கள். 1982இல் தொடங்கிய 'சிக் சில்ட்ரன்ஸ் டிரஸ்ட்' போன்றவை மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே அவர்களுக்குத் தங்க இடம் கொடுக்கின்றன. என்னைக் கேட்டால் இதுவும் அவசர மருத்துவத்தின் ஒரு பகுதிதான்.

"மாரத்தானே தர்மத்துக்காக நடப்பதுதானே?"

இல்லை. கிறிஸ் பிராஷரும் ஜான் டிஸ்லியும் 1981இல் தொடங்கிய இந்த ஓட்டத்தின் நுழைவுக் கட்டணம் ஏற்பாட்டாளர்களுக்குப் போகிறது. செலவு போக மிஞ்சுவது அவர்களுடைய அறக்கட்டளை வழியாக விளையாட்டுக்கும் உடற்பயிற்சிக்குமான வசதிகளுக்குச் செல்கிறது. நோயுற்ற குழந்தைக்குப் போய்ச் சேர்வது ஓடுபவர் தனியே திரட்டும் பணம் மட்டுமே.

2025 ஓட்டத்துக்குக் குலுக்கலில் பெயர் கொடுத்தவர்கள் 8,40,000க்கு மேல்; ஓடி முடித்தவர்கள் 56,640 பேர். அதனால் தொண்டு நிறுவனங்கள் பணம் கட்டிச் சில இடங்களை வாங்கி வைக்கின்றன. அந்த இடத்தில் ஓட விரும்புபவர், பெரும்பாலும் 2,000 பவுண்டு அல்லது அதற்கு மேல் திரட்டித் தருவதாக ஒப்புக்கொள்கிறார். "ஓடாமல் நேராகவே கொடுத்துவிடலாமே" என்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. 2,000 பவுண்டைத் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கக்கூடியவர்கள் கொஞ்சம் பேர். ஆளுக்கு 20 பவுண்டு தரும் நூறு பேரில் பலர் அந்தத் தொண்டு நிறுவனத்தின் பெயரையே அன்றுதான் முதலில் கேள்விப்படுகிறார்கள். 2025 ஓட்டத்தில் எல்லாத் தொண்டுகளுக்கும் சேர்த்துத் திரண்டது 8 கோடியே 70 லட்சம் பவுண்டுக்கு மேல்.

"கொடுத்தாச்சு, மற்றது அவர்கள் பாடு"

பிரிட்டனில் வரி கட்டுபவர் 'கிஃப்ட் எய்ட்' கட்டத்தில் குறியிட்டால், 10 பவுண்டு 12.50 ஆகிறது. கூடுதலை அரசிடமிருந்து தொண்டு நிறுவனம் பெற்றுக்கொள்கிறது. ஆனால் பிறந்தநாள் விருந்தில் பத்துப் பேரிடம் ரொக்கமாக வாங்கி, ஒருவருடைய அட்டையில் மொத்தமாகச் செலுத்தி அந்தக் கட்டத்தில் குறியிடக் கூடாது. கொடுப்பவருடைய சொந்தப் பணத்துக்கே அந்தச் சலுகை. சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ கொடுப்பவர் 80ஜி வரிவிலக்கை எதிர்பார்க்க வேண்டாம். அது இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களுக்குக் கொடுப்பதற்கு மட்டும்.

"இவ்வளவு தூரம் ஓடினால் இதயம் நின்றுவிடும், தண்ணீரை நிறையக் குடி"

அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய ஒரு கோடியே ஒன்பது லட்சம் பேரைக் கணக்கிட்டு 2012இல் வெளியான ஆய்வில், இதயம் நின்றுபோனவர்கள் 59 பேர். பயந்து ஒதுங்க வேண்டிய எண்ணிக்கை இல்லை, மருத்துவரைப் பார்க்காமல் ஓடலாம் என்பதற்கான அனுமதியும் இல்லை. தண்ணீர் அறிவுரைதான் எனக்குக் கவலை தருகிறது. 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதித்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. ஓடுகையில் எடை கூடுமளவுக்குக் குடித்தவர்களும், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களும் அதில் அதிகம். தொண்டுக்காக முதல் முறை ஓடும் மெதுவான ஓட்டக்காரர்கள் இந்தக் கூட்டத்தில்தான் வருவார்கள். பாசத்தோடு ஒவ்வொரு திருப்பத்திலும் பாட்டிலை நீட்டும் குடும்பத்தார் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தாகம் எடுக்கும்போது குடிக்கட்டும்.

"ஓடி முடிக்காவிட்டால் பணம் திரும்ப வந்துவிடும்"

மைலுக்கு இவ்வளவு என்று காகிதத்தில் எழுதி வாங்கி, ஓட்டம் முடிந்த பிறகு வீடு வீடாகப் போய் வசூலித்த காலத்தில் இப்படி நினைக்க இடம் இருந்தது. இப்போது இணையப் பக்கத்தில் கொடுக்கும் பணம் ஓட்டத்தின் முடிவுக்குக் காத்திருப்பதில்லை, தொண்டு நிறுவனத்தின் கணக்குக்குப் போய்விடும். 35ஆவது கிலோமீட்டரில் தசைப்பிடிப்பு வந்து விலகினாலும் அது திரும்பாது. ஓட்டத்தன்றே அந்தப் பக்கம் மூடப்படுவதும் இல்லை. ஒப்புக்கொண்ட தொகையில் முந்நூறு நானூறு குறைந்து நிற்கும் பிள்ளைகள் மே மாதத்திலும் கேட்பார்கள், அப்போதும் கொடுக்கலாம்.