கடுகின் பெருமை

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது" என்பது நம் முன்னோர் வாக்கு. இயேசுபிரானும் விண்ணரசை ஒரு கடுகு விதைக்கு ஒப்பிட்டார். அடுக்களையில் நாள்தோறும் காணும் கடுகைச் செடியாகக் கண்டவர் நம்மில் எத்தனை பேர்?

பயிரிடும் முறை: கடுகு குளிர்காலப் பயிர். ஆகவே ராஜஸ்தான் முதலிய வடமாநிலங்களில் மிகுதியாக விளைகிறது. எங்கள் வீட்டுத் தோட்டத்தில் முதலில் சித்திரையில் விதைத்தோம். ராஜபாளையத்து வெயிலில் நாற்றுகள் வாடிவிட்டன. "இது நம்ம மண்ணுக்கு ஆகாதும்மா" என்றார் பாட்டி. கார்த்திகையில், பெருமழை ஓய்ந்த பின் மறுபடியும் முயன்றேன். மண்ணைக் கொத்தி, மக்கிய சாணவுரம் இட்டு, விதையை மணலோடு கலந்து தூவி, அரை அங்குலத்திற்கு மேற்படாமல் மண்ணால் மூடினேன். ஐந்தாம் நாள் முளைத்தது! நெருக்கமான நாற்றுகளைப் பிடுங்கிச் சாண் இடைவெளி விட வேண்டும். பிடுங்கியவை கீரைக்கு ஆகும். அசுவினிப் பூச்சி கண்டால் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம். ஏறத்தாழ நான்கு மாதத்தில் காய்கள் மஞ்சளாகும். காலைப் பனி ஈரத்திலேயே அறுக்க வேண்டும். தாமதித்தால் வெடித்துச் சிதறும்.

காரத்தின் காரணம்: விதைக்குள் சினிகிரின் என்ற பொருளும் மைரோசினேஸ் என்ற நொதியும் தனித்தனியே உள்ளன. கடுகை நீர் விட்டு அரைத்தால் இரண்டும் கலந்து கார எண்ணெய் உண்டாகிறது. கொதிக்கும் எண்ணெயில் நொதி அழிவதால், தாளித்த கடுகு மணக்கிறதே தவிர, காரம் தருவதில்லை. நம் ஊர்த் தெலுங்கு வீடுகளின் ஆவக்காய் ஊறுகாயில் 'ஆவ' என்பது கடுகே. அதில் கடுகைப் பொடித்துச் சேர்ப்பதால் காரம் நாவில் ஏறுகிறது.

எச்சரிக்கை: தரிசு நிலங்களில் மஞ்சள் பூவும் முள்ளிலையுமாக வளரும் பிரமதண்டின் விதை கடுகைப் போலவே இருக்கும். அது நஞ்சு. 1998-இல் டில்லியில் அதன் எண்ணெய் கலந்த கடுகெண்ணெயை உண்டு அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடுகு வழவழப்பானது, உள்ளே மஞ்சள். பிரமதண்டு விதை சொரசொரப்பானது, உள்ளே வெண்மை. அம்மாவுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

அன்புத் தோழியரே! எங்கள் தோட்டத்தில் கிடைத்தது ஒரு டம்ளர் கடுகுதான். அதில் பாட்டியே முதல் தாளிதம் செய்தார். முதல் விதைப்பு வாடியதும் நான் சோர்ந்திருந்தால் அந்த மகிழ்ச்சி கிட்டியிருக்குமா? காலமறிந்து விதைப்போம், வாடினாலும் மீண்டும் விதைப்போம். பலனை இறைவன் அருள்வார்.