நாணல் குருவியும் மாஸ் செடியும்

பறவையையும் செடியையும் ஒப்பிடுவது பொருந்துமா என்று தோழியர் சிலர் கேட்கலாம். இரண்டும் நீரை நம்பி வாழ்பவை. ஆதலால் ஒப்பிட்டுப் பார்ப்பதில் பயன் உண்டு. இங்கிலாந்தின் சதுப்பு நிலங்களில் கூடு கட்டும் நாணல் கதிர்க்குருவியையும், தாவரவியல் வகுப்பில் நாம் படிக்கும் ஃபுனேரியா என்னும் மாஸ் செடியையும் எடுத்துக்கொள்வோம்.

குருவியின் எடை 10 முதல் 15 கிராம்தான். நீரில் நிற்கும் நாணல் தண்டுகள் சிலவற்றை இணைத்து, ஆழமான கிண்ணம்போல் கூடு பின்னும். காற்றில் நாணல் ஆடினாலும் முட்டைகள் உருண்டு விழா. கீழே நீர் இருப்பதால் தரைவழி வரும் பகைவர் எளிதில் நெருங்க முடியாது. கோடை கழிந்து பூச்சிகள் குறையும்போது, சகாரா பாலைவனத்தையும் கடந்து ஆப்பிரிக்கா செல்லும். வசந்தத்தில் திரும்பி வரும்.

ஃபுனேரியாவுக்குச் சிறகும் இல்லை. உண்மையான வேரும் இல்லை. மெல்லிய வேரிழைகளால் மண்ணைப் பற்றி நிற்கும். அதன் ஆண் செல்கள் நீரில் நீந்தியே பெண் உறுப்பை அடைய வேண்டும். அதற்கு மழை தரும் ஈரமே போதும். பிறகு நீண்ட காம்பின் நுனியில் ஒரு சிமிழ் உண்டாகும். ஈரம் கூடிக் குறையும்போது காம்பு முறுக்கிக்கொள்ளும். சிமிழின் வாயில் உள்ள பற்கள் உலர்ந்த வேளையில் வழிவிட, ஸ்போர்கள் காற்றில் பரவும்.

நீர் வற்றினால் குருவி வேறிடம் தேட வேண்டும். மாஸோ ஸ்போராகக் காத்திருக்கும். நெருப்பு எரிந்த கரிமண்ணிலும் அது முளைப்பதைக் காணலாம். குருவிக்கு அந்த எளிமை வாய்க்கவில்லை. எவ்வளவு தூரம் பறந்தாலும், திரும்பி வரும்போது நாணல் இருந்தாக வேண்டும்.

கிழக்கு இங்கிலாந்தின் பரந்த சதுப்பு நிலங்களை வேளாண்மைக்காக வடிக்கும் பெரும்பணி 1630-களில் டச்சுப் பொறியாளர் வெர்மூய்டன் தலைமையில் தொடங்கியது. இன்று எஞ்சியிருப்பது மிகச் சிறு பகுதியே. அதில் ஒன்றான விக்கன் ஃபென்னில் 1899-ஆம் ஆண்டு முதல் நேஷனல் டிரஸ்ட் நிலம் வாங்கிக் காத்து வருகிறது. அங்கே நாணல் நிற்கிறது, குருவியும் வருகிறது.

அசிசி நகர்ப் புனித பிரான்சிஸைச் சூழலியலின் பாதுகாவலராகத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1979-இல் அறிவித்தார். படைப்புகளைச் சகோதரராகவும் சகோதரியாகவும் கண்டவர் அப்புனிதர். அவர் வழி நடக்க விரும்பும் நாம், சதுப்பு நிலத்தைப் பயனற்ற சேறு என்று எண்ணலாகாது. மாஸ் காத்திருக்கும், குருவியால் காத்திருக்க இயலாது. அதன் வீட்டைக் காப்பது நம் கடமை.