சுளுக்கும் முறிவும்

நம் உடற்பாரம் முழுவதையும் தாங்குவன இரு பாதங்களே. ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் உள்ளன. அவை நார்களால் பிணைக்கப்பட்டு, வில்போல் வளைந்து, மேடுபள்ளங்களுக்கு ஏற்ப இணங்கிக் கொடுக்கின்றன. எனினும், ஓடும்போதோ படியிறங்கும்போதோ பாதம் உட்புறமாக மடங்கிவிடின், உடற்பாரம் அதன் வெளிப்புற ஓரத்தில் விழுகின்றது. உடனே அங்கே வலியும் வீக்கமும் தோன்றுகின்றன. அதனைச் சுளுக்கு என்று கொண்டு, எண்ணெய் இட்டு நீவுதல் பலரது வழக்கம். அது சுளுக்கேதானா என்று அறிவது எங்ஙனம்?

இங்கிலாந்து நாட்டு லிவர்பூல் நகரில் ராபர்ட் ஜோன்ஸ் என்னும் எலும்பு மருத்துவ வல்லுநர் வாழ்ந்தார். ஒருகால் நடனமாடுகையில், குதிகால் தரையினின்று எழுந்திருந்த நிலையில், அவர் பாதத்தின் வெளிப்புறத்தை ஊன்றிவிட்டார். தசைநாண் ஒன்று அறுந்தது போலும் என்றே முதலில் எண்ணினார். எக்ஸ் கதிர்ப் படமோ, சிறுவிரலுக்குப் பின்னுள்ள நீண்ட எலும்பு முறிந்திருந்ததைக் காட்டியது. இவ்வாறு முறிந்த பிறர் கால்களையும் ஆராய்ந்து, 1902ஆம் ஆண்டில் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அம்முறிவு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. எலும்பை நன்கறிந்த அவருக்கே தம் கால் முறிவு படமின்றி விளங்கவில்லை எனின், பிறர் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

பாதத்தின் வெளியோரத்தில், நடுப்பகுதியில், ஓர் எலும்பு முனை சற்றே புடைத்திருத்தலைத் தடவிப் பார்த்து அறியலாம். அடிபட்டபின் அவ்விடத்தை அழுத்த வலித்தாலும், நான்கடி நடக்க இயலாவிடினும், மருத்துவரிடம் சென்று படம் எடுத்தல் வேண்டும். அடிபடாமலே, நெடுந்தொலைவு ஓடுவோர்க்கு இவ்வெலும்பில் மெல்லிய வெடிப்பு உண்டாதலும் உண்டு. நாள்தோறும் மிகும் வலியே அதன் அறிகுறி.

வலி தோன்றியதும் நடத்தலை நிறுத்துக. பனிக்கட்டியைத் துணியில் சுற்றி, 15 நிமிடம் ஒற்றுக. துணிப்பட்டையை அளவாக இறுக்கிக் கட்டுக. படுத்துக் காலைத் தலையணைமேல் உயர்த்தி வைக்க. முதல் சில நாள்களில் நீவுதலும் வெந்நீர் ஒற்றடமும் ஆகா. அவை வீக்கத்தை மிகுவிக்கும்.

எளிய சுளுக்கு சில வாரங்களில் நீங்கும். ஜோன்ஸ் முறிவோ, மாவுக்கட்டுடன் காலை ஊன்றாது ஆறு வாரமோ அதற்கு மேலோ இருந்தாலன்றிக் கூடாது. அவ்விடத்தில் குருதியோட்டம் குறைவாதலே இதற்குக் காரணம். முறிவென்று அறியாமல் நடப்பின், எலும்பு கூடாமலே நின்றுவிடலாம். பின்னர் அறுவை மருத்துவமே வேண்டிவரும்.

நோயின் காரணத்தைத் தெளிந்த பின்னரே மருந்து செய்தல் முறையாகும். நீவும் கையினும் முந்துதல் வேண்டும், ஆராயும் அறிவு.