ஆறாவது ஆள் முதலில் இறங்க வேண்டுமா?

என்.பி.ஏ. கூடைப்பந்தில் ஆண்டு தவறாமல் ஒரு சண்டை நடக்கும். ஏதோ ஓர் அணியில் பெஞ்சிலிருந்து எழுந்து வரும் ஆறாவது ஆள் 18, 20 என்று புள்ளிகளைக் குவிப்பார். தொடக்க ஐவரில் நிற்பவரோ ஏழெட்டைத் தாண்டமாட்டார். "பயிற்சியாளருக்குக் கண் தெரியவில்லையா?" என்று ரசிகர்கள் கிளம்பிவிடுவார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதோடு சேர்த்துச் சொல்லப்படும் நம்பிக்கைகளில் பாதிக்குமேல் தேறாது.

நம்பிக்கை: பெஞ்ச் என்பது இரண்டாம் தர ஆட்டக்காரர்களின் இடம்.

பாஸ்டன் செல்டிக்ஸ் பயிற்சியாளர் ரெட் ஆவர்பாக் 1950களிலேயே இதைப் பொய்யாக்கிவிட்டார். ஃபிராங்க் ராம்சி என்ற நல்ல ஆட்டக்காரரை வேண்டுமென்றே உட்காரவைத்து, எதிரணி களைக்கும் நேரம் பார்த்து இறக்கினார். ராம்சிக்குப் பின் அந்த வேலை ஜான் ஹாவ்லிசெக்கிடம் வந்தது. ஆண்டின் சிறந்த ஆறாவது வீரருக்கு 1982-83 பருவம் முதல் விருது தருகிறார்கள். இன்று அந்தக் கோப்பைக்கு ஹாவ்லிசெக்கின் பெயர்தான்.

சான் ஆண்டோனியோ அணியின் மனு ஜினோபிலி இன்னும் பெரிய சாட்சி. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அர்ஜென்டினாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தவர்களில் முதன்மையானவர். அவரையே பயிற்சியாளர் கிரெக் போப்பொவிச் பெஞ்சில் உட்காரவைத்தார். 2006-07-ல் ஜினோபிலி ஆடிய 75 ஆட்டங்களில் 36-ல்தான் தொடக்க ஐவரில் இருந்தார். அந்த ஆண்டு பட்டம் சான் ஆண்டோனியோவுக்கு. அடுத்த பருவத்தில் 19.5 புள்ளி சராசரியோடு ஆறாவது வீரர் விருதையும் பெற்றார். இவரை இரண்டாம் தரம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

நம்பிக்கை: 30 நிமிடத்தில் இத்தனை அடிப்பவர் 38 நிமிடம் கொடுத்தால் அதே விகிதத்தில் கூடுதலாக அடிப்பார்.

ரசிகர்கள் அதிகம் நம்புவது இந்தப் பெருக்கல் கணக்கைத்தான். இரண்டு பேரை வைத்துப் போட்டுப் பார்க்கலாம்.

ஓக்லஹோமா சிட்டி தண்டரில் 2011-12-ல் ஜேம்ஸ் ஹார்டன் 62 ஆட்டம் ஆடினார். தொடக்க ஐவரில் இருந்தது இரண்டில் மட்டும். ஓர் ஆட்டத்துக்கு 31.4 நிமிடம், 16.8 புள்ளி. விருதும் அவருக்கே. 2012 அக்டோபரில் ஹூஸ்டன் ராக்கெட்ஸுக்கு மாற்றப்பட்டார். அங்கே முதல் பருவத்தில் ஆடிய 78 ஆட்டங்களிலும் தொடக்க ஆட்டக்காரர், 38.3 நிமிடம். பெருக்கல் கணக்குப்படி 20.5 புள்ளி வந்திருக்க வேண்டும். வந்தது 25.9.

இன்னொருவர் மயாமி ஹீட்டின் டைலர் ஹீரோ (பெயரே அப்படித்தான்). 2021-22-ல் 66 ஆட்டங்களில் பத்தில் மட்டுமே தொடக்கம், 32.6 நிமிடம், 20.7 புள்ளி; அவரும் விருதாளர். தொடக்க இடம் வேண்டுமென்று வெளிப்படையாகவே கேட்டார், கிடைத்தது. அடுத்த பருவம் ஆடிய 67 ஆட்டங்களிலும் முதலில் இறங்கினார், 34.9 நிமிடம். கணக்கு சொன்னது 22-க்கு மேல். வந்தது 20.1.

ஒருவருக்குக் கணக்கு குறைத்துச் சொன்னது, இன்னொருவருக்குக் கூட்டிச் சொன்னது. காரணம் எளிது: களத்தில் பந்து ஒன்றுதான். ஓக்லஹோமாவில் அதன்மீது முதல் உரிமை கெவின் டுரான்ட்டுக்கும் ரசல் வெஸ்ட்புரூக்குக்கும். ஹூஸ்டனில் மொத்தப் பொறுப்பும் ஹார்டன் கையில். புள்ளி எகிறியது அதனால்தான். ஆட்டத் தொடக்கத்தில் பெயர் அறிவிக்கப்பட்டதால் எகிறவில்லை. அதற்கு அவர் ஒரு விலையும் கொடுத்தார். 49.1 சதவீதமாக இருந்த கூடையெறி வெற்றி 43.8-க்கு இறங்கியது. எதிரணியின் முழுக் கவனமும் தன்மேல் விழும்போது யாருக்கும் அப்படித்தான் ஆகும். ஹீரோவுக்கோ தொடக்க ஐவரில் ஜிம்மி பட்லரும் பாம் அடபாயோவும் பக்கத்தில். அவர்களோடு பந்தைப் பங்குபோட வேண்டியிருந்தது. 2024-25-ல் பட்லர் பாதிப் பருவத்தில் வெளியேறினார். ஹீரோவின் சராசரி 23.9 ஆனது, ஆல்ஸ்டார் அணியிலும் இடம் பிடித்தார்.

நம்பிக்கை: எதிரணியின் மாற்று ஆட்டக்காரர்களை அடித்துத்தான் ஆறாவது ஆள் பெயர் வாங்குகிறார்.

இது எதிர்க்கட்சியின் வாதம். கொஞ்சம் உண்மை உண்டு. இரண்டாம், நான்காம் கால்பகுதிகளின் தொடக்கத்தில் எதிரணியின் பெரிய தலைகள் ஓய்வில் இருக்கும். அந்த இடைவெளியில்தான் பெஞ்ச் ஆட்டக்காரர்கள் புகுந்து விளையாடுவார்கள். ஆனால் ஆட்டம் 48 நிமிடம். நம் ஆள் 31 நிமிடம் ஆடுகிறார், எதிரணி நட்சத்திரம் 36 நிமிடம் ஆடுகிறார் என்றால், எப்படி மாற்றி மாற்றி இறக்கினாலும் குறைந்தது 19 நிமிடம் இருவரும் ஒரே நேரத்தில் களத்தில் நின்றாக வேண்டும். எளிய கூட்டல் கழித்தல்தான். 20 நிமிடம் ஆடும் ஒருவரைப் பற்றி இந்தக் குறை சொன்னால் ஏற்கலாம். 30-ஐத் தாண்டியவரிடம் இது செல்லாது.

நம்பிக்கை: குறைவாக அடிப்பவரைத் தொடக்கத்தில் வைப்பது பயிற்சியாளரின் பிடிவாதம்.

ஹார்டனுக்கு முன்னால் ஓக்லஹோமாவில் இறங்கியவர் தாபோ செஃபலோஷா. புள்ளி சொற்பம், தடுப்பாட்டத்தில் கெட்டிக்காரர். முதல் நிமிடங்களில் எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரை மறிக்க ஆள் வேண்டும். டுரான்ட்டும் வெஸ்ட்புரூக்கும் இருக்க, அங்கே மூன்றாவதாகப் பந்து கேட்பவர் தேவையில்லை. அவர்களில் ஒருவர் உட்காரும்போது ஹார்டன் வந்து ஆட்டத்தை நடத்தினார். ஹார்டன் போன பிறகும் செஃபலோஷாவே தொடர்ந்தார். அணி 2012-13-ல் 60 ஆட்டங்களை வென்றது. அந்த அணி நிர்வாகம் ஹார்டனை உட்காரவைத்ததை நான் குறை சொல்லமாட்டேன். சம்பளப் பேரம் படியவில்லை என்று அவரை அனுப்பிவிட்டதைத்தான் பெரும் பிழை என்பேன். 2018-ல் அவர் லீகின் மிக மதிப்புவாய்ந்த வீரர் ஆனார், ஹூஸ்டன் சட்டையில்.

பிடிவாதம் பிடிக்கும் பயிற்சியாளர்களே இல்லை என்று சொல்லவில்லை. பாஸ்டனின் கெவின் மெக்ஹேல் 1984, 1985 என்று இரண்டு முறை ஆறாவது வீரர் விருது வாங்கியவர். 1985-ல் செட்ரிக் மேக்ஸ்வெல் முழங்காலில் காயம்பட்ட பிறகே தொடக்க ஐவரில் அவருக்கு நிலையான இடம் கிடைத்தது. மார்ச் மாதத்திலேயே டெட்ராய்ட்டுக்கு எதிராக 56 புள்ளி அடித்தார். எந்த விவாதமும் திறக்காத கதவை ஒரு முழங்கால் திறந்தது.

நம்பிக்கை: இதெல்லாம் வெறும் கௌரவப் பிரச்சினை.

முழுக்க அப்படியும் இல்லை, பணமும் இருக்கிறது. முதல் சுற்றில் தேர்வான இளைஞரின் முதல் ஒப்பந்தம் முடியும்போது, அணி தரவேண்டிய அடுத்த ஒரு வருட ஒப்பந்தத் தொகை அவர் 'தொடக்க வீரர்' தகுதி பெற்றாரா என்பதைப் பொறுத்து மாறலாம். தகுதிக்கு வழி இரண்டு: பருவத்தில் 41 ஆட்டங்களில் தொடக்கம், அல்லது 2,000 நிமிட ஆட்டம். பெஞ்சிலிருந்து வந்தாலும் நிமிடம் சேர்ந்தால் லீகின் சட்டம் அவரைத் தொடக்க வீரராகவே எடுத்துக்கொள்கிறது. கல்யாணப் பந்தியில் முதல் வரிசைக்கு இடிபடுவதுபோல் ரசிகர்கள்தான் இடிபடுகிறார்கள்.

அதனால் உங்கள் அணியின் ஆறாவது ஆளுக்காக வாதாடக் கிளம்பும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். சராசரியாக எத்தனை நிமிடம் ஆடுகிறார்? நெருக்கமான ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடங்களில் களத்தில் இருக்கிறாரா? 30 நிமிடம் ஆடி, கடைசியிலும் நிற்கிறார் என்றால் முதலில் இறங்குவது யார் என்பதைப் பயிற்சியாளரிடமே விட்டுவிடலாம். 22 நிமிடத்தோடு நிறுத்தி, முடிவு நெருங்கும்போது உட்காரவும் வைக்கிறார்கள் என்றால் தாராளமாகச் சண்டை போடுங்கள். ஆனால் தொடக்க இடம் கேட்காதீர்கள், நிமிடம் கேளுங்கள்.