அரை சதவீத வட்டியும் ஐப்பசி மழையும்

வீட்டைப் பழுதுபார்க்கக் கடன் வாங்குகிறீர்களா? வட்டியை அப்புறம் பாருங்கள், முதலில் காலண்டரைப் பாருங்கள். இதைச் சொன்னால் என் மச்சானுக்குக் கோபம் வரும். வரட்டும்.

தாம்பரத்தில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய வீடு, கடன் இன்னும் பாக்கி. மொட்டைமாடித் தட்டோடு விரிசல் விட்டுக் கூடத்துச் சீலிங் ஊறிப்போயிருந்தது. மேஸ்திரி கடப்பாரை நுனியால் லேசாகத் தட்டினார். பூச்சு ஒரு முழ நீளத்துக்குப் பெயர்ந்து விழ, உள்ளே கம்பி துருவேறி உப்பிக் கிடந்தது. “அஞ்சு லட்சம் ஆகும் சார். ஆடியில தொடங்கினா மழைக்கு முன்னாடி முடிச்சிடலாம்” என்றார்.

சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் பர்சனல் லோன் தயாராக இருந்தது, 13 சதவீதம். அதைத்தான் எடுக்க இருந்தேன். மச்சான் விடவில்லை. “மாமா, வீட்டுக் கடனையே வேற பேங்க்குக்கு மாத்திடுங்க. அரை பர்சன்ட் கம்மி. மேல அஞ்சு லட்சம் டாப்-அப், 8.75தான். எவனாவது 13 கட்டுவானா?” வீட்டில் எல்லோரும் அவர் பக்கம்.

அவர் போட்டது பாதிக் கணக்கு. 5 லட்சத்தை 8.75 சதவீதத்தில் 15 வருடம் இழுத்தால் மாதத் தவணை 5,000 ரூபாய்தான்; வட்டி மட்டும் 4 லட்சம். 13 சதவீதத்தில் 4 வருடம் என்றால் மாதம் 13,400, வட்டி 1.44 லட்சத்தோடு தீர்ந்தது. டாப்-அப்பையே 5 வருடத்தில் கட்டினால் 1.19 லட்சம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புது வங்கி எல்லாவற்றையும் ஒரே தவணையாக்கி நீட்டத்தான் பார்த்தது.

வட்டிகூடப் போகட்டும், நாள் போனதே! லீகல் ஒப்பீனியன், பழைய வங்கியிலிருந்து பத்திரம், மறுபடி எம்.ஓ.டி. (பத்திரத்தை வங்கியில் ஒப்படைக்கும் ஆவணம்) பதிவு, அதற்குக் கடன் தொகையில் அரை சதவீதம் முத்திரைத்தீர்வை, பதிவுக் கட்டணம் தனி. வேல்யூவர் சீலிங்கைப் பார்த்துவிட்டு, “பழுதுபார்த்துட்டு அப்ளை பண்ணலாமே சார்” என்றார். அதற்குத்தானய்யா கடனே!

பணம் வந்தபோது ஐப்பசி. மழையில் மாடியைக் கொத்த மேஸ்திரி மறுத்துவிட்டார். கார்த்திகையில் சமையலறை சன்ஷேடும் விழுந்தது. தையில் வேலை தொடங்கும்போது ஐந்து லட்சம் ஏழரை ஆகியிருந்தது. கூடுதல் இரண்டரைக்கு எங்கே போனேன்? அதே பர்சனல் லோனுக்கு.

ஆகவே, மூன்று நான்கு வருடத்தில் அடைத்துவிடும் தொகையென்றால் பத்திரத்தைத் தொடாதீர்கள். 13 என்பது குறையும் பாக்கிக்கா, ஃபிளாட்டா என்று மட்டும் கேளுங்கள். ஃபிளாட் என்றால் உண்மையில் 20 தாண்டிவிடும். டாப்-அப்தான் வேண்டுமென்றால், பத்திரம் ஏற்கெனவே இருக்கிற வங்கியிலேயே சித்திரையில் கேளுங்கள். வரி மிச்சமாகும் என்பதையும் நம்பவேண்டாம். குடியிருக்கும் வீட்டுப் பழுதுக் கடன் வட்டிக்கு வருடத்துக்கு 30,000 ரூபாய்தான் கழிவு, அதுவும் பழைய வரிமுறையில். மச்சான் சொன்னது 2 லட்சம்.

என்னைப்போல் ஏற்கெனவே கடனை மாற்றிவிட்டவர்கள், பழைய எம்.ஓ.டி.க்குக் கடன் தீர்ந்த ரசீது பதிவாகியிருக்கிறதா என்று வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். எங்களுடையது பதிவாகவில்லை. அந்த அலைச்சலுக்கு மச்சானையே அனுப்பினேன்.