பாகு பதம்: கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் ஒரு தெர்மோகப்பிளும்

கெமிக்கல் இன்ஜினியரிங் மூணாவது வருஷம் படிக்கிற என்கிட்ட எங்க ஆச்சி கேட்ட ஒரே டெக்னிக்கல் கேள்வி இதுதான்: "ஏலே, பாகு பதம் வந்துட்டான்னு பாத்துச் சொல்லு." எனக்குச் சொல்லத் தெரியலை.

ஊர் கோவில்பட்டிப் பக்கம். கரிசல் மண்ணு, நிலக்கடலை, மண்டவெல்லம். 2020-ல புவிசார் குறியீடு வாங்கின கடலை மிட்டாய் எங்க ஊர்ப்பக்கத்துச் சரக்குதான். தீபாவளிக்கு எங்க வீட்டுல அதிரசமும் கடலை மிட்டாயும் ரெண்டுமே உண்டு. ஆனா சர்க்கரை நோயால ஆச்சிக்கு விரல் நுனி மரத்துப் போனதுக்கு அப்புறம் அதிரசத்தை விட்டுட்டாங்க. கடலை மிட்டாயை மட்டும் விடலை. ரெண்டுமே வெல்லப்பாகுதானே, ஒண்ணு முடியும், ஒண்ணு முடியாதுன்னா எப்படி? அதைத் தேடப் போனதுதான் இந்தக் கட்டுரை.

முதல்ல அடிப்படை. தண்ணி 100 டிகிரி செல்சியஸ்ல கொதிக்கும். அதுல சர்க்கரை கரைஞ்சிருந்தா கொதிநிலை ஏறும். நாம ஃபிசிகல் கெமிஸ்ட்ரில படிச்ச அதே கொதிநிலை ஏற்றம்தான். கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஆவியாகும், பாகு கெட்டியாகும், வெப்பநிலையும் கூடவே ஏறும். அதனால பாகோட வெப்பநிலையைப் பாத்தா உள்ள எவ்வளவு தண்ணி மிச்சம்னு கிட்டத்தட்டச் சொல்லிடலாம். சீனிப்பாகு 112-லிருந்து 116 டிகிரிக்குள்ள உருட்டுப் பதம். அப்போ அதுல சுமார் 85 சதவீதம் சர்க்கரை. 149-ஐத் தாண்டினா உடையும் பதம், சர்க்கரை 99 சதவீதம்.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. ஆரம்பத்துல நிறைய தண்ணி போகணும், அதனால வெப்பநிலை ஆமை மாதிரி ஏறும். கடைசியில போறதுக்குத் தண்ணியே இல்லை, அடுப்புச் சூடு முழுக்க வெப்பநிலையை ஏத்தத்தான் போகும். அதனாலதான் அரை மணி நேரமா "ஒண்ணும் ஆகலையே"ன்னு கிண்டிட்டு, போன் எடுத்துப் பாத்துட்டுத் திரும்பறதுக்குள்ள பாகு முறுகிக் கசந்து போகுது. (அனுபவம். ஒரு கிலோ வெல்லம்.)

சரி, தெர்மாமீட்டர் வச்சுப் பாத்துடலாம்னு கிளம்பினேன். லேப்ல சாதாரணமா இருக்கிற கண்ணாடித் தெர்மாமீட்டர் 110 வரைக்கும்தான், அது உதவாது. மல்டிமீட்டரோட வந்த கே-டைப் தெர்மோகப்பிளை நல்லா கழுவிச் சட்டிக்குள்ள விட்டேன். ஆச்சி அதைப் பாத்த பார்வையை எழுத முடியாது.

மீட்டர் எண்ணைக் காட்டுச்சு. ஆனா பதத்தைக் காட்டலை. ஒரு கடை வெல்லத்துக்குச் சரியா வந்த எண், இன்னொரு கடை வெல்லத்துக்கு வரலை. காரணம் இருக்கு. வெல்லம் வெறும் சுக்ரோஸ் இல்லை. அதுல கொஞ்சம் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் தாது உப்பும் உண்டு. அந்த அளவு வெல்லத்துக்கு வெல்லம் மாறும். குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் பாகு பூத்துப் போகாம, அதாவது படிகமாகாம, தடுக்கும். சீனிப்பாகுல எலுமிச்சைச் சாறு ரெண்டு சொட்டு விடுறது அதுக்குத்தான்: அமிலம் சுக்ரோஸை உடைச்சு அந்த ரெண்டையும் உண்டாக்கிடும். ஆனா அதுங்க கூடிப்போனா மிட்டாய் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். ஐப்பசி மழையில டப்பாவைத் திறந்து வச்சுப் பாருங்க, தெரியும்.

ஆச்சி செய்யற சோதனை இதைவிட நேரானது. ஒரு கிண்ணத்துல பச்சைத் தண்ணி, அதுல ஒரு சொட்டுப் பாகு. கொதிக்கிற பாகு எப்படி இருக்குங்கறது நமக்கு வேண்டாம், ஆறினா எப்படி இருக்கும்னுதான் தெரியணும். தண்ணி அந்தச் சொட்டை ஒரு நொடியில ஆற வச்சுடுது. நம்ம மெட்டலர்ஜி ஆளுங்க பாஷையில சொன்னா க்வென்ச்சிங். (தயவுசெய்து சட்டிக்குள்ள நேரா விரலை விட்டுடாதீங்க. பாகு தோல்ல ஒட்டிக்கிட்டே சுடும்.)

அதிரசத்துக்கு அந்தச் சொட்டை விரலால உருட்டணும். மெத்துனு உருண்டை வரணும், அழுத்தினா அமுங்கணும். முன்னாடியே இறக்கினா அதிரசம் எண்ணெயில பிரிஞ்சு போகும், தாமதமானா கல்லாகும். இதுக்கு விரல் உணர்ச்சி கட்டாயம் வேணும். கடலை மிட்டாய்க்கு அப்படியில்லை. ஆறின துண்டை எடுத்துத் தட்டுல போட்டா 'டங்'னு கேக்கணும். 'தொப்'புன்னு விழுந்தா இன்னும் கொதிக்கணும். படிகமாகாம இறுகிப்போன சர்க்கரை உண்மையிலேயே ஒரு கண்ணாடிதான். தண்ணி மிச்சமிருந்தா அது இளகலா இருந்து, விழுற அதிர்வை உள்ளேயே விழுங்கிடும். தண்ணி போயிட்டா ஒலிக்கும். மீட்டர் வெப்பநிலையை அளந்து பதத்தை ஊகிக்குது. இந்தத் தட்டு, பதத்தையே அளக்குது. எந்தக் கடை வெல்லமா இருந்தாலும்!

ஆச்சிக்கு விரல் போச்சு, காது போகலை. அவ்வளவுதான் விஷயம்.

இந்தத் தீபாவளிக்கு அதிரசப் பாகு காய்ச்சினோம். உருட்டினது நான், பக்கத்துல முக்காலி போட்டு ஆச்சி.

"உருளுதா?"

"உருளுது ஆச்சி. ஆனா வழியுது."

"அப்போ பொறு."

கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி எடுத்தேன். "இப்போ நிக்குது. அமுக்கினா அமுங்குது."

"கையில ஒட்டுதா?"

"இல்ல."

"எறக்குலே, எறக்கு!"

மீட்டர்ல 117. நோட்டுல குறிச்சுக்கிட்டேன், பக்கத்துல வெல்லம் வாங்கின கடை பேரையும் சேர்த்து. ஈரமாவுல பாகைக் கிளறி ரெண்டு நாள் வச்சுட்டு முதல் அதிரசத்தை எண்ணெயில போட்டேன். பிரியலை. ஓரம் மட்டும் கொஞ்சம் கெட்டி. ஆச்சி கால்வாசி பிட்டு வாயில போட்டுக்கிட்டு, "ஒரு கொதி முன்னால எறக்கியிருக்கணும்"னாங்க. மீதியைக் கேட்டதுக்கு நான் கொடுக்கலை. சுகர் இருக்குல்ல.